எட்டு மாதக் குழந்தையின் கணக்கு

"என் மகளுக்கு எட்டு மாதம் ஆகிறது. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் அவளிடம் பேசிக்கொண்டே இருப்பேன். 'அதுக்கு என்ன புரியும்னு இப்படித் தொண்டத்தண்ணி வத்தப் பேசுறே? போன்ல பாட்டைப் போட்டு விடு' என்கிறார் மாமியார். பேசுவதால் நிஜமாகவே பலன் உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உண்டு, நிறையவே உண்டு. பொருள் புரிகிறதா என்பது அடுத்த கட்டம். அதற்கு முன்பே அந்தக் குழந்தை ஒரு பெரிய சிக்கலை அவிழ்த்தாக வேண்டும். பேச்சு தெரிந்த நமக்கு அது சிக்கலாகவே தோன்றாது. காதில் விழும் ஒலியில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது?

சொல்லுக்குச் சொல் நிறுத்தித்தான் பேசுகிறோம் என்று நமக்குத் தோன்றும். "பாப்பாவுக்குப் பசிக்குதா" என்று சொல்லிப் பதிவு செய்து, ஒலியை அலைவடிவமாகக் காட்டும் ப்ராட் (Praat) போன்ற இலவச மென்பொருளில் அந்த அலையைப் பாருங்கள். ஒலி அறவே நின்றுபோகும் இடங்கள் நான்கு தெரியும். வல்லினம் இரட்டிக்கும்போது உதடோ நாக்கோ காற்றை அடைப்பதால் வரும் மௌனம் அது. அந்த நான்கில் மூன்று, சொற்களுக்கு உள்ளேயே இருக்கின்றன: பாப்-பா, வுக்-கு, பசிக்-கு. மௌனத்தை நம்பி வெட்டினால் "பாப்", "பாவுக்", "குப்" என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பழைய ஓலைச்சுவடிகளிலும் சொற்களுக்கு நடுவே இடைவெளி இராது, புள்ளிகூட இராது. ஆனால் சுவடி படிப்பவருக்குத் தமிழ் தெரியும், அதனால் பிரித்துக்கொள்வார். பேச்சைக் கேட்கத் தொடங்கும் குழந்தைக்கு ஒரு சொல்லும் தெரியாது. சொல் தெரிந்தால்தான் பிரிக்க முடியும், பிரித்தால்தான் சொல் தெரியும். இந்த வட்டத்துக்குள் அது எப்படி நுழைகிறது?

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் 1996-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. நான் படித்த அறிவியல் ஆய்வுகளில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு அழகும் சேர்ந்த இன்னொன்று எளிதில் நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் எந்த மொழியிலும் இல்லாத நான்கு சொற்களை உருவாக்கினார்கள்: பாபிகூ, டீபூடோ, கோலாடூ, டாரோபீ. ஒவ்வொன்றிலும் மூன்று அசைகள். இந்த நான்கையும் மாற்றி மாற்றிக் கோத்து, ஏற்ற இறக்கம் இல்லாத கணினிக் குரலில், இடைவெளியே விடாமல் ஓடவிட்டார்கள். "கோலாடூடாரோபீபாபிகூடீபூடோடாரோபீகோலாடூ..." என்று இரண்டே நிமிடம். கேட்டவர்கள் எட்டு மாதக் குழந்தைகள்.

இந்த ஓட்டத்தில் சொல்லின் எல்லையைக் காட்ட அழுத்தமோ நிறுத்தமோ கிடையாது. இருந்த ஒரே தடயம், எந்த அசையை எந்த அசை தொடர்கிறது என்பது. "கோ" வந்தால் அடுத்தது "லா"தான், எப்போதும். "லா"வுக்குப் பின் "டூ"தான். நிகழ்தகவு 1. ஆனால் "டூ"வோடு சொல் முடிந்துவிடுகிறது. ஒரே சொல் அடுத்தடுத்து இருமுறை வராது என்பதால், அடுத்து மீதி மூன்று சொற்களில் எதுவும் தொடங்கலாம். நிகழ்தகவு சட்டென்று மூன்றில் ஒன்றாக விழுகிறது. அந்தச் சரிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சொல்லின் எல்லை.

இதைக் குழந்தை கண்டுபிடித்ததா என்று எப்படித் தெரியும்? தாயின் மடியில் அதை உட்கார வைத்து, பக்கச் சுவரில் ஒரு விளக்கை மினுக்குவார்கள். குழந்தை அந்தப் பக்கம் திரும்பினால் ஒலி வரும், முகத்தைத் திருப்பிக்கொண்டால் நின்றுவிடும். எவ்வளவு நேரம் பார்க்கிறதோ அவ்வளவு நேரம் கேட்கிறது என்று கணக்கு. சில முறை "கோலாடூ" போன்ற சொல் ஒன்று ஒலிக்கும். சில முறை "டூடாரோ". இது கோலாடூவின் வாலும் டாரோபீயின் தலையும் ஒட்டிய துண்டு. இரண்டுமே அந்த இரண்டு நிமிட ஓட்டத்தில் குழந்தையின் காதில் விழுந்தவைதான். ஆனாலும் குழந்தைகள் சராசரியாக "டூடாரோ"வைத்தான் கூடுதல் நேரம் கேட்டன. வித்தியாசம் ஒரு நொடிக்கும் குறைவு. கேட்டுப் பழகியதைவிடப் புதிதின் மேல் கவனம் போகிறது. அப்படியானால் "கோலாடூ" அவற்றுக்குப் பழகிய சொல், "டூடாரோ" வேற்று ஆள்.

"கோலாடூ அதிகத் தடவை காதில் விழுந்திருக்கும், அதனால் பழகியிருக்கும்" என்று யாருக்கும் சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம். அந்த மூவரும் 1998-இல் இதற்கும் பதில் சொன்னார்கள். சில சொற்களை மட்டும் அடிக்கடி வரவைத்து, அவற்றின் எல்லையில் உருவாகும் துண்டும் மற்றச் சொற்களும் சம எண்ணிக்கையில் வரும்படி ஒலியை அமைத்தார்கள். எண்ணிக்கை சமமாக இருந்தும் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஆக, எத்தனை தடவை வந்தது என்பதை மட்டும் அவை பார்ப்பதில்லை. எதைத் தொடர்ந்து எது வருகிறது என்ற விகிதத்தையும் கவனிக்கின்றன. பத்தாம் வகுப்பில் நாம் முட்டி மோதிப் படித்த நிகழ்தகவை, இன்னும் நடக்கக்கூடத் தொடங்காத ஒரு உயிர் தன்னை அறியாமலே போட்டுக்கொண்டிருக்கிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இப்போது வாசகியின் வீட்டுக்கு வருவோம். "பாப்பா வா", "பாப்பா பாரு", "பாப்பாவுக்குத் தூக்கம் வருதா" என்று அவர் பேசப் பேச, "பாப்"புக்குப் பின் "பா" தவறாமல் வருகிறது. அதற்குப் பின் வருவதோ ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இதைப் போன்ற தடயங்கள் சேர்ந்துதான் "பாப்பா" தனியே கழன்று வரும். கழன்ற சொல் சும்மா இருப்பதில்லை. தன் பெயரையும் அம்மாவைக் குறிக்கும் சொல்லையும் பிடிமானமாக வைத்து, அதை அடுத்து வரும் புதுச் சொல்லை ஆறு மாதக் குழந்தைகளே பிரித்தெடுப்பதை 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவது வீண் வேலை இல்லை. இப்படிப் பிரித்தெடுத்த ஒலிக்கோவைகளைப் பிற்பாடு பொருள்களின் பெயராகக் கற்பது பதினேழு மாதக் குழந்தைகளுக்கு எளிதாக இருக்கிறது என்பது 2007-இல் தெரியவந்தது.

போனில் பாட்டுப் போட்டால் போதாதா? சியாட்டிலில் பாட்ரிஷியா கூலின் குழு 2003-இல் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மாண்டரின் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 அமர்வுகள் விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரினுக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களின் பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகளிடமும், ஒலியாக மட்டும் கேட்ட குழந்தைகளிடமும் அந்தப் பலன் இல்லை. சோதித்தது ஒலிகளைத்தான், சொற்களை அல்ல. இருந்தாலும் ஆள் எதிரே இருப்பதன் மதிப்பு இதில் பளிச்சென்று தெரிகிறது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். அவரும் உட்கார்ந்து பேத்தியிடம் பேசினால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பேச்சு வர நாக்கில் வசம்பு உரசித் தடவும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அதைப் பச்சைக் குழந்தையின் வாயில் வைக்கவே கூடாது. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. காது கேளாத குழந்தைக்கு இந்தக் கணக்குப் போட ஒலியே உள்ளே போவதில்லை. செவிக்குறையை ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவிய குழந்தைகளின் மொழி, பிந்திக் கண்டறியப்பட்டவர்களின் மொழியைவிட நன்றாக வளர்ந்ததை அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு 1998-இலேயே காட்டிவிட்டது. காது கேட்கிறதா என்று பார்க்க, பிறந்த குழந்தை தூங்கும்போதே காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. சின்ன ஊர் மருத்துவமனை உட்பட எல்லா இடத்திலும், தடுப்பூசியைப் போலவே, வீட்டுக்கு அனுப்பும் முன் இதைச் செய்தாக வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலம் போன்ற சில மொழிகளைக் கேட்டு வளரும் குழந்தைகளிடம் நடந்தவை. தமிழில் சொல் அடுக்கடுக்காக வளரும்: வீடு, வீட்டுக்கு, வீட்டுலேருந்து, வீட்டுக்குள்ளயே. நம் குழந்தை கணக்குப் போட்டு முதலில் எதைத் தனியே எடுக்கும்? "வீட்டுக்கு" என்ற முழுச் சொல்லையா, "வீட்டு" என்ற அடியையா? பல சொற்களின் வாலில் ஒட்டி வரும் "க்கு"வை எப்போது தனித்துண்டாக உணரும்? இதற்குத் தேவை ஓர் அமைதியான அறை, சில விளக்குகள், ஒலிபெருக்கி, கேமரா, பொறுமையுள்ள இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். தமிழ் வளர்ச்சி என்ற பெயரில் ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை இதற்குக் கொடுத்தால், இந்தக் கேள்விகளுக்கு நம் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே பதில் தேடலாம்.