விளிம்பு எங்கே போனது?

சேலத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். வானம் வெளுத்த நாளில் அதன் முகட்டைப் பென்சிலால் வரைந்துவிடலாம். மலையின் நிறத்திலேயே ஒரு மேகம் பின்னால் வந்து உட்கார்ந்தால் மலை அங்கேயேதான் இருக்கும், முகடு மட்டும் காணாமல் போகும். நெஞ்சு எக்ஸ்ரே பார்ப்பதில் பாதி வித்தை இதுதான்.

எலும்பும் உலோகமும் கதிரை மறிப்பதால் வெள்ளை. காற்று விட்டுவிடுவதால் கருப்பு. தசை, ரத்தம், நீர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். (கழற்ற மறந்த தாலிக்கொடி பளீரென்று வெள்ளையாக விழும்.) இதயத்தின் ஓரம் கோடாகத் தெரிகிறதென்றால், பக்கத்தில் காற்று நிறைந்த நுரையீரல் கருப்பாக இருப்பதால்தான்.

நிமோனியாவில் காற்றறைகளில் சீழும் நீரும் நிறைந்துவிடும். அந்த இடமும் சாம்பலாகும், ஒட்டியிருக்கும் கோடு அழியும். எந்தக் கோடு அழிந்தது என்பதிலிருந்து நோய் எங்கே என்று சொல்லிவிடலாம். வலது நுரையீரலின் நடுமடல் முன்பக்கம் இதயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே நிமோனியா என்றால் இதயத்தின் வலது ஓரம் மங்கும். கீழ்மடல் பின்பக்கம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் வந்தால் உதரவிதானத்தின் கோடு போகும், இதயத்தின் ஓரம் தெளிவாகவே நிற்கும். தட்டையான ஒரு படத்தில் முன்பின் தெரிந்துவிடுகிறது, பாருங்கள்!

நெஞ்சில் நீர் கோத்தால் விலாவும் உதரவிதானமும் சேரும் கூரான மூலை மழுங்கும். நின்று எடுத்த படத்தில் அது தெரியவே சுமார் 200 மில்லி சேர்ந்திருக்க வேண்டும். நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியே கசிந்தால் கதை தலைகீழ்: இல்லாத இடத்தில் புதிதாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, அதற்கு வெளியே ரத்தக்குழாய் ஒன்றுகூட இல்லாத வெறும் கருப்பு. காசநோய் பெரும்பாலும் மேல்பகுதியில் குழி பறிக்கும். ஆனால் ஆறிய தழும்பும் அதே மாதிரி தெரியலாம். சளிப் பரிசோதனை இல்லாமல் படத்தை மட்டும் நம்பக் கூடாது.

இதயத்துக்கு அளவுகோல் எளிது. அதன் அகலம் நெஞ்சின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போனால் சந்தேகப்படலாம். அதோடு மேல்பகுதி ரத்தக்குழாய்கள் தடித்து, ஓரங்களில் மெல்லிய படுக்கைக் கோடுகளும் இருந்தால் இதயம் திணறுகிறது, நுரையீரலில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம்.

இந்த அளவுகோல்தான் எங்கள் வீட்டையும் ஒரு வாரம் தூங்கவிடவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த பெரியம்மாவுக்குக் கட்டிலிலேயே படம் எடுத்தார்கள். "ஹார்ட்டு பெருசாயிடுச்சாமா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டிலில் கதிர் முன்னாலிருந்து வருகிறது, படம் பதியும் பலகை முதுகுக்கடியில். நெஞ்சின் முன்பக்கம் இருக்கும் இதயம் பலகையிலிருந்து தள்ளி இருப்பதால், விளக்குக்கு அருகே நீட்டிய கையின் நிழல்போல ஊதித் தெரியும். போதாக்குறைக்கு மூச்சையும் பாதிதான் இழுத்திருக்கிறார். உதரவிதானம் மேலேறி இதயத்தை அகலமாக்கிவிட்டது.

காய்ச்சல் விட்டதும் நிற்க வைத்து, நெஞ்சைப் பலகையில் ஒட்டி, "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்கம்மா" என்று மறுபடி எடுத்தார்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நெஞ்சு 26 சென்டிமீட்டர், இதயம் 12.