ஊட்டிப் புல்வெளியில் மரம் நடுவதற்கு முன்

ஜூன் மாதம் நெருங்கினால் கல்லூரிகளிலிருந்தும் நிறுவனங்களிலிருந்தும் எனக்கு ஒரே மாதிரி கேள்வி வரும். "நீலகிரியில் மரக்கன்று நடப் போகிறோம், எந்த மரம் நல்லது?" எந்த இடத்தில் என்று கேட்டால், மலை மேலே வெறும் புல்லாகக் கிடக்கும் இடம் என்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் எந்த மரத்தையும் நட வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்கான காரணம் அரபிக்கடலின் அடியிலும் ஊட்டிக்குப் பக்கத்துச் சதுப்புகளிலும் இருக்கிறது. பழங்காலத்துத் தட்பவெப்பத்தைச் சேற்றிலிருந்து படிப்பது என் தொழில் என்பதால், சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது.

முதலில் கடல். கடல்நீரில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிர்கள் மிதக்கின்றன. சின்ன மணல் பருக்கை அளவுதான் இருக்கும், சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்பவை. செத்ததும் ஓடு அடியில் போய்ச் சேரும், ஆண்டுக்கணக்கில் படலம் படலமாகப் படியும். ஆராய்ச்சிக் கப்பல்கள் குழாய் இறக்கி அந்தப் படிவை அப்படியே உருளையாக எடுத்து வருகின்றன. ஓட்டில் உள்ள ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என்ற இரண்டு வகைகளின் விகிதத்தை அளந்தால், அந்தக் காலத்தில் நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தது, நிலத்தில் எவ்வளவு பனி குவிந்திருந்தது என்று கணிக்கலாம். பனிக்கட்டி பெருகும்போது எடை குறைந்த ஆக்சிஜன் நிலத்துப் பனியில் மாட்டிக்கொள்ளும், கடலில் 18 கூடும்.

ஓமன், சோமாலியா கரையோரத்தில் இன்னொரு தடயமும் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசினால் அங்கே ஆழத்துக் குளிர்நீர் மேலே எழும்பும். அந்த நீரில்தான் குளோபிஜெரினா புல்லாய்டெஸ் என்ற ஃபோராமினிஃபெரா செழிக்கும். படலத்தில் அதன் ஓடு மிகுந்திருந்தால் அந்தக் காலத்தில் பருவக்காற்று வலுவாக இருந்தது என்று கொள்ளலாம், குறைந்திருந்தால் நலிந்திருந்தது என்று கொள்ளலாம். நம் மலைகளை நனைக்கும் அதே காற்றுதான் அது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது நிலம், இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். தென்மேற்குப் பருவமழையும் அப்போது நலிந்துதான் இருந்தது.

சரி, மலைக்கு வருவோம். ஊட்டி பீடபூமியின் தாழ்வான பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, செடிகொடிகள் முழுதாக மக்காமல் கறுப்பாகப் படிந்திருக்கின்றன. இதைப் பீட் என்கிறோம். சாண்டிநல்லாவில் எடுத்த பீட் மாதிரியை வைத்து, சுமார் 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலான இந்திய விஞ்ஞானிகள் 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தில் செடிகள் முக்கியமாக இரண்டு ரகம். நெல்லும் காட்டு மரங்களும் ஒரு ரகம். கரும்பு, சோளம், வெயிலையும் வறட்சியையும் தாங்கும் பல புற்கள் இன்னொரு ரகம். இரண்டும் காற்றிலிருந்து எடுக்கும் கார்பனில் 13 என்ற எடை கூடிய வகையின் பங்கு கொஞ்சம் வேறுபடும். செடி மக்கிக் கறுத்த பிறகும் அந்த வேறுபாடு அப்படியே இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் அதை அளந்து, கார்பன் 14 முறையில் வயதும் கண்டால், எந்தக் காலத்தில் மலையில் எது மிகுந்திருந்தது என்று தெரிந்துவிடுகிறது.

பனியுக உச்சத்துக்கும் 16,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்துக்கும் நடுவில் மலையில் வறட்சிப் புல் ஓங்கியிருந்தது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மழை பெருகி, ஈரம் விரும்பும் ரகம் உச்சம் தொட்டது. அப்புறம் 5,000-க்கும் 2,000-க்கும் இடையில் மறுபடி வறட்சி. அரபிக்கடலின் சேறும் ஊட்டியின் சேறும் இந்தப் பெரிய ஏற்ற இறக்கங்களில் ஒத்துப்போகின்றன. தொடர்பே இல்லாத இரண்டு சாட்சிகள் ஒரே சேதியைச் சொல்வதால்தான் நான் இதை இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

நீலகிரியின் புல்வெளி நேற்று காட்டை வெட்டியதால் வந்த பொட்டல் இல்லை என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். சில இடங்களில் தீயும் மேய்ச்சலும் அதை அகலப்படுத்தியிருக்கலாம். ஆனால் அதன் வேர் பனியுகத்தில் இருக்கிறது. பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல், இடையிடையே காட்டுப்பூவரசு என்ற அமைப்பை உறைபனியும் காத்து வருகிறது. குளிர்கால இரவுகளில் திறந்த புல்வெளியில் உறைபனி விழுந்து சோலை மரக் கன்றுகளைக் கொன்றுவிடும். சோலைக்குள் மேல்விதானம் அவற்றைக் காக்கும். வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் இந்தப் புல்வெளியில்தான், தோடர்களின் எருமை வாழ்க்கை நடப்பதும் இங்கேதான்.

1840-களில் ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸையும் சீகை என்று சொல்லும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தார்கள். முதலில் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப்பட்டை, ரேயான் கூழுக்குக் கற்பூர மரம் என்று பெரிய அளவில் நட்டதில் புல்வெளி சதுரமைல் கணக்கில் போனது. வருவாய்ப் பதிவேட்டின் பார்வையில் மரமில்லாத நிலம் தரிசு. அந்தப் பார்வை இன்னும் நம் மண்டையை விட்டுப் போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பக்கத்துப் பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணாமல் போனதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டார்கள்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. ஊட்டிக்கு அருகே கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டு, மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் அளந்தது. முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. கோடையில் ஓடும் மெல்லிய ஊற்றுநீர்தான் அதிகம் அடிபட்டது. பவானியும் மோயாறும் இந்த மலைகளின் ஊற்றுகளில்தான் பிறக்கின்றன.

மரம் கார்பனைப் பிடித்து வைக்குமே என்று கேட்பார்கள். உயரமான மலைப் புல்வெளியில் கார்பனின் பெரும்பங்கு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. குழி தோண்டிக் கன்று நடுவது அந்தச் சேமிப்பைக் கிளறுவதில்தான் தொடங்குகிறது. காற்றில் கரியமில வாயு கூடக் கூட மரங்களுக்குத்தான் சாதகம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் அது 280 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இரவுகள் வெதுவெதுப்பானால் உறைபனியின் காவலும் தளரும். புல்லுக்கு ஏற்கெனவே இவ்வளவு நெருக்கடி இருக்கும்போது நாம் மண்வெட்டியோடு போய் மேலும் அழுத்தக் கூடாது.

இருக்கும் சீகையை வெட்டித் தள்ளிவிடலாமே என்றால், அதிலும் நிதானம் வேண்டும். சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் போய் வெயில் பட்டதும் நூற்றுக்கணக்கில் முளைக்கும். வெட்டிய இடத்துக்கு ஆண்டுதோறும் போய் நாற்றைப் பிடுங்கி, உள்ளூர்ப் புல் ரகங்களை நாற்றங்காலில் வளர்த்து நட்டால்தான் புல்வெளி திரும்பும். தமிழக அரசு 2022-இல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்று கொள்கை வெளியிட்டிருக்கிறது. மேல் பவானி பக்கம் புல் மீட்புப் பணி நடக்கிறது. நிதி தர விரும்பும் நிறுவனங்கள் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கேட்காமல், ஐந்தாண்டுக்குப் பராமரிப்புச் செலவு தருகிறோம் என்று சொன்னால் பெரிய உதவி.

தோட்டத்துக்குள் சதுப்பு வைத்திருக்கும் விவசாயிகளிடமும் ஒரு வேண்டுகோள். கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வடிகால் வெட்டிச் சதுப்பைக் காய வைத்தால், தண்ணீருக்குள் இருந்தவரை மக்காமல் கிடந்த பீட் காற்றுப் பட்டு மக்கிக் கரியமில வாயுவாகப் போய்விடும். கோடைத் தண்ணீரும் போகும். வடிகால் வெட்டாமல், ஓரத்தில் கற்பூர மரம் வைக்காமல் விட்டாலே போதும். சதுப்பு இருக்கும் நிலத்தை விற்கவோ திருத்தவோ யோசிக்கிறீர்கள் என்றால், அதற்கு முன் பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ மண்வள நிலையத்துக்கோ ஒரு தகவல் சொல்லுங்கள், வந்து மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.