முதல் மழைக்குக் காத்திருந்தால் வெண்டி பிந்திவிடும்

ஆவணி பிறந்துவிட்டால், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரைப் பக்கம் போகும் வீடுகளில் எல்லாம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வெண்டி போட்டாச்சா?" பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "மழை விழட்டும் சேர்." போன வருடம் செட்டிபாளையத்தில் ஒரு அம்மம்மா என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார், "இந்தக் கச்சானுக்குள்ள மனிசரே காயிறம், விதை எப்பிடி மனே முளைக்கும்?" (வெளியூர்க்காரருக்கு: இங்கே கச்சான் என்றால் நிலக்கடலை மட்டுமல்ல. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வெறுங்கையோடு வரும் தென்மேற்குக் காற்றுக்கும் அதே பெயர்தான்.)

அம்மம்மா சொன்னதில் பாதி சரி. திறந்து கிடக்கும் மணலில் பகல் இரண்டு மணிக்கு மண் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். 50 பாகை செல்சியசைத் தாண்டியது. அதில் விதை அவிந்துதான் போகும். அதே வளவில், முதல் நாள் நனைத்து வைக்கோல் மூடியிருந்த இடத்தில் 33. வெண்டிக்கு அது பிடித்த சூடு. வெயில் குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை, மண்ணை மூடினால் போதும். சிறுபோக நெல் வெட்டு முடிகிற காலம் என்பதால் வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையிலிருந்து வைக்கோலும் தாராளமாகக் கிடைக்கும்.

அவசரம் ஏன் என்றால், மட்டக்களப்பின் வருட மழையில் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரைக்குள் விழுந்துவிடுகிறது. ஐப்பசி முதல் மழையோடு விதைத்த வெண்டி, கார்த்திகை அடைமழை வரும்போது நான்கு இலையோடு நிற்கும். வேர் விரல் நீளத்துக்கு மேல் இறங்கியிராது, வெயிலும் இருக்காது. அடித்தண்டு நூல் போல மெலிந்து, கறுத்து, ஒரே இரவில் சாய்ந்துவிடும். செப்டெம்பர் முதல் வாரத்தில் போட்டது ஒக்டோபர் நடுவில் பூத்துவிடும். 45, 50 நாளில் முதல் காய் ஒடிக்கலாம். ஆணிவேர் நன்றாக இறங்கிய மரம் மழையைத் தாங்கும். அடைமழைக் காலத்தில் தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து வரும் மரக்கறியின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் நேரே விதைக்கச் சொல்லவில்லை. மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுமேடைக்கு உரியவை. வெண்டி, பயற்றை, கௌபி, சோளம், முள்ளங்கி, கீரை, பிறகு பாகல், புடோல், பீர்க்கு, பூசணி ஆகிய கொடிகள் போட்ட இடத்திலேயே வளர விரும்புபவை. வேரை அசைத்தால் கோபித்துக்கொள்ளும். 2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து தோட்டம் செய்யச் சொன்ன நாட்களில், வெண்டியைக் கூடப் பையில் முளைக்கவைத்து, வேரைக் குலைத்து நட்டு வாடவிட்டவர்கள் எத்தனையோ பேர். என் காரியாலயத்திலேயே இருந்தார்கள்.

செய்யும் முறை இலகுதான். மாலையில் பாத்தியை ஊறவிடுங்கள். மறுநாள் மாலை கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்குள் மட்டும் மறுபடி தண்ணீர் விட்டு, ஈரத்தில் விதையை வைத்து, மேலே காய்ந்த மண்ணைத் தூவுங்கள். ஈரம் அடியில் நிற்கும், மேல்மண் இறுகாது. மணலில் ஒரு அங்குல ஆழம், களிமண்ணில் அரை அங்குலம். வெண்டிக்கு வரிசைக்கு வரிசை மூன்று அடி, குழிக்குக் குழி இரண்டு அடி, குழிக்கு மூன்று விதை. மேலே இரண்டு விரல் தடிப்பில் வைக்கோல். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர். வாளியால் ஊற்றினால் விதை மிதந்து மூலையில் கூடிவிடும்.

வெண்டி விதையின் தோல் தடிப்பு, ஓர் இரவு ஊறட்டும். பாகல், புடோல் விதையை ஒரு நாள் ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். பயற்றை, கௌபியை ஊறவைக்கவே வேண்டாம், வெடித்துப் போகும். பக்கெட்டில் வரும் விதை சிவப்போ பச்சையோ சாயம் பூசியதாக இருந்தால் அது மருந்து. அதையும் ஊறவைக்கக் கூடாது, கழுவிப்போகும். தொட்ட கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மிச்ச விதையைக் கோழிக்குப் போடாதீர்கள்.

ஆகவும் கூடுதலாக விதையைக் கொல்வது புரட்டாதியில் பின்னேரம் இடித்துப் பெய்யும் கால்மணி நேர மழை. அதை நம்பித் தண்ணீரை நிறுத்தினால் முடிந்தது. ஆரையம்பதியில் ஒருவர் "விதை கள்ளம் சேர், ஒண்டும் முளைக்கல்ல" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். பாத்தியில் விரலை விட்டுக் கிளறினேன். விதை ஊதியிருந்தது. தோல் பிளந்து, அரிசி முனையளவு வெள்ளை முளையும் வெளியே வந்திருந்தது. முளையின் நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்திருந்தது. விதை நல்ல விதைதான். இரண்டு நாள் தாகத்தில் செத்திருக்கிறது. வாங்கியதும் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால் இந்தச் சண்டையே வராது. ஏழு முளைத்தால் விதைக்கலாம்.

படுவான்கரையின் களிமண்ணில் அந்த மழை வேறு வேலை செய்யும். மேல்மண்ணை ஓடு போல இறுக்கிவிடும், முளை அடியில் மடிந்துகொண்டு கிடக்கும். அங்கே விதையை மண்ணால் மூடாமல் அரித்த மாட்டெருவால் மூடுங்கள். வாவிக்கரைக் கிணறுகளில் இந்த விதைப்புக் காலத்தில் உவர் ஏறியிருக்கும். வாயில் விட்டு உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீர் முளைக்கும் விதைக்கு ஆகாது, முதல் இரண்டு கிழமைக்காவது நல்ல தண்ணீர் தேடுங்கள்.

முந்தி விதைப்பதில் ஒரு நட்டம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். வரண்ட காலத்தில் வெள்ளை ஈ அதிகம். அது வெண்டிக்கு மஞ்சள் நரம்பு வைரசைக் கொண்டுவரும். இலை நரம்பு மட்டும் மஞ்சள் வலை போலத் தெரிந்தால் அந்த மரத்துக்கு மருந்தில்லை, பிடுங்கி எரியுங்கள். எறும்பு கீரை விதையைத் தூக்காமல் இருக்க பாத்தி ஓரத்தில் சாம்பல். மயிலுக்குப் பழைய மீன்வலை. பாத்தி ஒரு அடியாவது உயர்ந்திருக்கட்டும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். சந்தேகம் வந்தால் 1920க்கு அழையுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் அது.

நாலாம் ஐந்தாம் நாள் முளை தெரிந்ததும், மாலை வேளையில் வைக்கோலை வரிசைக்கு நடுவே ஒதுக்குங்கள். இரண்டு கிழமையில் குழிக்கு இரண்டை விட்டு மூன்றாவதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. கடைசியில் விதைக்கச் சம்மதித்த அந்தச் செட்டிபாளையத்து அம்மம்மாவும் செய்யவில்லை. "முளைச்சத எப்பிடி மனே வெட்டுற?" என்று ஏழு கன்றுகளைப் பக்குவமாகத் தோண்டி வேலியோரம் நட்டார். ஒன்றுதான் தப்பியது. பாத்தியில் நின்றவை காய்க்கத் தொடங்கியபோது அது என் முழங்காலைத் தொடவில்லை.