ஓவியத்தைத் தின்னும் பலகை

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831 வாக்கில் வரைந்த ‘பேரலை’ படத்தின் மரப்பலகை அச்சுப் படிகள் பல அருங்காட்சியகங்களில் உண்டு. அதற்காக அவர் கையால் வரைந்து கொடுத்த தாள் எங்கும் கிடையாது. அதைப் பலகை தின்றுவிட்டது. அவருடைய 103 சிறு கோட்டோவியங்களை 2020இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. அவை பிழைத்ததற்குக் காரணம், அவை இடம்பெறவிருந்த புத்தகம் வெளிவராமலே போனதுதான்.

ஓவியர் மெல்லிய தாளில் கறுப்புக் கோடு மட்டும் போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, தாளின் முதுகை விரல்நுனியால் தேய்த்துத் தேய்த்து உரிப்பார். நார் நாராகத் தாள் திரண்டு வந்துவிடும். கோடு மரத்திலேயே தங்கும். துளி எண்ணெய் தடவினால் இன்னும் பளிச்சென்று தெரியும். பிறகு கோட்டின் இரு பக்கமும் கத்தியால் கீறி, மிச்ச மரத்தை உளியால் வெட்டி எடுப்பார். பெண்ணின் நெற்றியோர முடி இழைகள் தலைமைச் செதுக்குநருக்கு. உடை மடிப்புக் கோடுகள் இளையவர்களுக்கு.

1765இல் ஓவியர் ஹருனோபு காலத்தில் முழு வண்ண அச்சு வந்ததும் சிக்கலும் வந்தது. வண்ணத்துக்கொரு பலகை வேண்டும். மூல ஓவியமோ ஏற்கெனவே போய்விட்டது. எதைப் பார்த்துச் செதுக்குவது?

கோட்டுப் பலகையையே பார்த்துத்தான். அதன் ஒரு மூலையில் ‘ட’ போல ஓர் அடையாளம், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி ஒரு நேர்க்கோடு. அச்சுத் தாளை எங்கே பொருத்தி வைப்பது என்று காட்டும் இவற்றுக்கு ‘கென்தோ’ என்று பெயர். இவற்றுக்கும் மை தடவி, வண்ணத்துக்கு ஒன்றாகக் கோட்டுப்படிகள் எடுப்பார்கள். ‘இதில் நீலம், அதில் பச்சை’ என்று ஓவியர் இடம் குறித்துத் தருவார். தன் படம் முழு வண்ணத்தில் எப்படி இருக்கும் என்று அவருக்கே அப்போது கண்ணால் தெரியாது! அந்தப் படிகளும் புதுப் பலகைகளில் குப்புற ஒட்டப்பட்டுக் கத்திக்கு இரையாகும். படத்தோடு கென்தோவும் பலகைக்குப் பலகை இறங்கிவிடுவதால்தான் உதட்டுச் சிவப்பு உதட்டிலேயே விழுகிறது.

இதில் உண்மையான வில்லன் ஈரம். பசை அதிகமானால் கோட்டுப்படி விரியும். விரிந்த அளவுக்கு வண்ணம் விலகும். அச்சுத் தாளும் ஈரப்பதத்தோடுதான் பலகைக்கு வரும், அதுவும் சும்மா இருக்காது. அதனால் அச்சடிப்பவர் பக்கத்திலேயே ஒரு தனி உளி வைத்திருப்பார். வண்ணம் நகர்ந்தால் படத்தில் கை வைக்க மாட்டார். அந்தப் பலகையின் கென்தோவை மட்டும் மயிரிழை சீவிவிட்டு, அடுத்த தாளை எடுத்து வைப்பார்.