ஆக்குலர் பாபிங்: விழி முங்கல்

ஆக்குலர் பாபிங் என்பதை 'விழித்துள்ளல்' என்று தமிழாக்கினால் திசையே மாறிவிடும். துள்ளுவது மேல்நோக்கி, இங்கே நடப்பது நேர்மாறு. நினைவிழந்து கிடப்பவரின் இரு விழிகளும் ஒருசேர வெடுக்கென்று கீழே இறங்கி, மெல்ல மெல்ல நடுவுக்கு ஏறும். சற்று நேரம் சும்மா இருக்கும். பிறகு மறுபடி இறங்கும்.

கண்ணைக் குறிக்கும் லத்தீன் 'ஆக்குலஸ்' முதல் பாதி. 'பாப்' என்பது நீரில் மிதப்பது முங்கி எழுவதைச் சொல்லும் ஆங்கிலச் சொல். மீன் இழுத்ததும் தூண்டில் தக்கை போகிற வேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1964-இல் இதற்கு இப்பெயரிட்டார். மூளைத்தண்டின் 'பான்ஸ்' பகுதிச் சிதைவின் அடையாளமாகவே வெகுகாலம் கருதப்பட்டது.

கல்லீரல் செயலிழந்தவரிடமும் இது தென்பட்டதுண்டு. குடலில் உருவாகும் அம்மோனியாவை ஈரல் யூரியாவாக மாற்ற முடியாதபோது அது மூளைக்குப் போகிறது. அங்குள்ள நட்சத்திர வடிவ உயிரணுக்கள் (ஆஸ்ட்ரோசைட்டுகள்) அதைக் குளுட்டமின் என்ற அமினோ அமிலமாக்கி, நீர் கோத்து வீங்குகின்றன. விழி முங்குவது ஆழ்மயக்கத்தில், அதுவும் அரிதாக.

டார்ச் அடித்து ஐந்து நொடி பார்த்துவிட்டு நகர்ந்தால் தப்பிவிடும். இமையைத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிடமாவது பார்க்க வேண்டும். கழுத்தில் காயமில்லை என்று உறுதியானபின் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால், விழிகள் எதிர்த்திசைக்கு ஓடுகின்றனவா என்பது அடுத்த கேள்வி. பான்ஸில் ரத்தம் கசிந்திருந்தால் பெரும்பாலும் ஓடாது. கண்பாவையும் ஊசிமுனையளவு சுருங்கியிருக்கும். ஓடினாலும் சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது: ஈரல் கெட்டவருக்கு ரத்தம் உறைவதும் சரியிருக்காது, அதனால் மூளையில் ரத்தம் கசிந்திருக்கவும் கூடும்.

ஈரலால் வந்தது என்றால் மீளக்கூடியது. தூண்டிய காரணத்தை (குடல் ரத்தக்கசிவு, தொற்று, மலச்சிக்கல், தூக்க மருந்து) கவனித்து, நாளுக்கு 2–3 முறை இளகி மலம் போகும் அளவுக்கு லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி தருவார்கள். அளவு மிஞ்சினால் பேதியில் நீரும் பொட்டாசியமும் குறைந்து மயக்கம் இன்னும் கூடும்.

'கண் நடுக்கம்' என்பது நிஸ்டாக்மஸுக்கு (விழிகள் தாமாகவே திரும்பத் திரும்ப ஆடுவதற்கு) புழங்குகிறது. அந்தக் கிரேக்கச் சொல்லோ தூங்கி வழிவதைக் குறிப்பது! ஆக்குலர் பாபிங்குக்கு 'விழி முங்கல்' பொருந்தும். மெல்ல இறங்கி வெடுக்கென ஏறுவது வேறு, அது ஆக்குலர் டிப்பிங். ஆகவே நோயாளியின் குறிப்பேட்டில் எந்தச் சொல்லை எழுதினாலும், இறங்கும்போது வேகமா, ஏறும்போது வேகமா என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.