மிஸ்ஸிங் அடிப்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

“சிக்னலில் நிற்கும்போது கார் உதறுகிறது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டுகிறது. மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார், விளக்கு போனது. மறுநாளே திரும்ப வந்துவிட்டது” என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

உதறலுக்குக் காரணங்கள் பல. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்தாலும் உதறும், ஆனால் விளக்கு எரியாது. வேகமாகப் போகும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் வீல் பேலன்சிங்கைப் பார்க்க வேண்டும். உதறலும் சிமிட்டலும் சேர்ந்தே வந்தால் மெக்கானிக்குகள் சொல்லும் ‘மிஸ்ஸிங்’தான், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை.

நான்கு சிலிண்டர் எஞ்சின், வண்டி நிற்கும்போது சும்மா ஓடும் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், நொடிக்குச் சுமார் 27 முறை உள்ளே தீப்பற்றும். அந்த வேகமான அதிர்வை ரப்பர் மவுண்ட் விழுங்கிவிடும். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால், நொடிக்கு ஏழு முறை ஓர் உந்துதல் விட்டுப்போகும். இந்த மெதுவான ஆட்டம் ரப்பரைத் தாண்டி நம் முதுகுக்கே வந்துவிடுகிறது.

சரி, காரில் எஞ்சினைக் கவனிக்கும் கம்ப்யூட்டருக்கு முதுகு ஏது? சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கும் கண்ணும் பெரும்பாலான கார்களில் கிடையாது. அது செய்வதெல்லாம் பல் எண்ணுவதுதான். பிஸ்டன்கள் தள்ளிச் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் 60 பல்லுக்கு இடம் விட்டு, வேண்டுமென்றே இரண்டை எடுத்துவிட்டு 58 வைத்திருப்பார்கள். அந்தப் பொக்கைதான் எங்கிருந்து எண்ணுவது என்பதற்கு அடையாளம். 800 சுற்று வேகத்தில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.25 மில்லி விநாடி. ஒவ்வொரு தீப்பற்றலும் ஷாஃப்டைக் கொஞ்சம் தள்ளிவிடும், அடுத்த சிலிண்டரின் அமுக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். தள்ள வேண்டிய இடத்தில் தள்ளல் வராவிட்டால், அங்கே வரும் பற்கள் இம்மியளவு தாமதமாகும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் சென்சார் சொல்வதையும் சேர்த்துப் பார்த்து, ‘மூன்றாவது சிலிண்டர்’ என்று பி0303 என்ற குறியீட்டை எழுதி வைக்கிறது கம்ப்யூட்டர். பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் கெட்டது என்று கண்டுபிடித்த பழைய மெக்கானிக்கின் காது, இப்போது கடிகாரமாகிவிட்டது. குழியில் விழுந்து எழும் சக்கரமும் ஷாஃப்டை இப்படி ஆட்டும் என்பதால், சில கார்கள் சக்கரத்தின் வேகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்கின்றன.

மஞ்சள் விளக்கு சிமிட்டினால் அவசரம். எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னால் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அதன் பீங்கான் தேன்கூடு உருகியே போகலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் மெல்ல பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். அதே விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் சில நாள் பொறுக்கும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும், நின்ற இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்குச் சண்டை இல்லை, டயருக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரி வயர் பரிகாரம்தான் எரிச்சல். எந்த சிலிண்டர், அப்போது என்ன வேகம், என்ன சூடு என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்த குறிப்பெல்லாம் அதோடு அழிந்துவிடும்.

அடுத்த முறை முதலில் ஸ்கேனர் போட்டுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். பி0303 என்று வந்தால், மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். குறியீடு பி0302 என்று மாறினால் காயில்தான் கெட்டிருக்கிறது. மாறாவிட்டால் அப்புறம் பிளக், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று தேட வேண்டும்.