கந்தோரில் கிடக்கும் காகிதத்தைக் கேட்டு வாங்குவது எப்படி?

ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று போட்டு ஒரு மழைக்காலம்தான் போயிருக்கும். அதற்குள் ஓரமெல்லாம் பொரிந்து கம்பி தெரிகிறது. யார் போட்டது, எவ்வளவு காசு, என்ன தடிப்பில் போடச் சொல்லியிருந்தார்கள் என்று கேட்டுப் போனால் பிரதேச சபையில் "அது எங்கட வேலை இல்லை, பிரதேச செயலகத்தைக் கேளுங்கோ" என்பார்கள். அங்கே போனால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வெளியே போயிருப்பார். அடுத்த கிழமை வரச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் இப்படி அலைந்து களைத்துப் போய்க் கேள்வியையே விட்டுவிட்டவர்கள் ஏராளம்.

அலையத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. 2015இல் வந்த 19ஆவது திருத்தம், தகவலைப் பெறுவதை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையில் அடிப்படை உரிமையாகச் சேர்த்தது. அதற்கான நடைமுறையைச் சொல்லும் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி அமுலுக்கு வந்தது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல. கந்தோரில் இருப்பவர் மனம் வைத்துச் செய்யும் உதவியும் அல்ல.

ஆனாலும் பலருக்கு இந்தச் சட்டம் பயன் தராமல் போகிறது. விண்ணப்பத்தை எழுதுகிற விதம்தான் பெரும்பாலும் காரணம். நம் ஆட்கள் முறைப்பாட்டை எழுதி, அதன் தலையில் "தகவல் கோரிக்கை" என்று போட்டுவிடுகிறார்கள். "எங்கள் வீதியை ஏன் இவ்வளவு மோசமாகப் போட்டீர்கள்? இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால், "உரிய தரத்துடன் வேலை நிறைவேற்றப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்தச் சட்டம் ஒரு நிறுவனத்தின் கையில், பொறுப்பில், கட்டுப்பாட்டில் இருக்கும் பதிவுகளைப் பற்றியது. கோப்பு, கடிதம், ஒப்பந்தம், வரைபடம், மின்னஞ்சல், கணினியில் உள்ள பதிவு, ஒலிப்பதிவு எல்லாம் இதற்குள் அடங்கும். ஆகவே ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்தக் கோப்புக்குள் என்ன காகிதம் இருக்கும் என்று யோசித்து அந்தக் காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மேலே சொன்ன ஒழுங்கையையே எடுத்துக்கொள்வோம். அரச காசில் நடக்கிற எந்தக் கட்டுமான வேலையும் வரிசையாகக் காகிதங்களை விட்டுச் செல்லும். முதலில் மதிப்பீடு. நீளம், அகலம், தடிப்பு, என்ன கலவை, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்புறம் விலைமனு கோரிய ஆவணம், கொந்தராத்துக்காரருடன் செய்த ஒப்பந்தம். சின்ன வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே கொடுப்பதும் உண்டு, அதற்கும் ஒப்பந்தம் இருக்கும். வேலை நடக்கும்போது தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து எழுதிய அளவீட்டுப் பதிவு. அதை வைத்துக் காசு கொடுத்த வவுச்சர். கடைசியில் வேலை முடிந்ததற்கான சான்று. வழமையாகக் காசின் ஒரு பங்கைக் குறித்த காலத்துக்குப் பிடித்து வைப்பார்கள், அந்தக் காலத்துக்குள் உடைந்தால் போட்டவரே சொந்தச் செலவில் திருத்த வேண்டும். பழுதான வீதிக்காரருக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் அநேகமாக யாரும் கேட்பதில்லை.

ஆகவே விண்ணப்பம் இப்படி இருக்கட்டும்:

"இன்ன கிராம அலுவலர் பிரிவில் இன்ன ஒழுங்கைக்கு இன்ன ஆண்டு போடப்பட்ட கொங்கிறீற்று வீதி தொடர்பாக: (1) அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டின் பிரதி, (2) ஒப்பந்தத்தின் பிரதி, (3) அளவீட்டுப் பதிவின் பிரதி, (4) செய்யப்பட்ட கொடுப்பனவுகளின் திகதியும் தொகையும் காட்டும் ஆவணங்களின் பிரதி, (5) பிடித்து வைக்கப்பட்ட பணம் எவ்வளவு, அது விடுவிக்கப்பட்டதா, எந்தத் திகதியில் என்பதைக் காட்டும் ஆவணம். இவற்றை உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளாகத் தரவும்."

இவ்வளவுதான். கோபமோ வரலாறோ வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதவும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. "எதுக்கு இது உங்களுக்கு?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

காகிதத்துடன் நின்றுவிடவும் வேண்டியதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், கோப்பைப் பார்த்துக் குறிப்பெடுக்கவும், பொருளின் உறுதிப்படுத்தப்பட்ட மாதிரியை எடுக்கவும் இச்சட்டம் இடம் தருகிறது. தடிப்பைப் பற்றிச் சண்டை வரும்போது மதிப்பீட்டையும் அளவீட்டுப் பதிவையும் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்று பார்த்தால், பேச்சு நீளாது.

சரி, யாரிடம் கொடுப்பது? இதில் பிழை விட்டால் கிழமைக்கணக்கில் நேரம் போய்விடும். வீதி என்றால் முதலில் அது யாருடையது என்று பாருங்கள். கண்டி வீதி போன்ற ஏ தர வீதிகளும் பீ தர வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. மற்ற உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பொதுவாக உள்ளூராட்சி சபையின் கீழ் வரும். யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்று மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என மொத்தம் 17 இருக்கின்றன. ஆனால் சபைக்குச் சொந்தமான ஒழுங்கைக்குப் பிரதேச செயலகத்தின் ஊடாக வந்த காசில் வேலை நடப்பது சாதாரணம். அப்போது ஒப்பந்தமும் வவுச்சரும் செயலகத்தில்தான் இருக்கும். சந்தேகம் என்றால் இரண்டு இடத்துக்கும் தனித்தனி விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார், மேன்முறையீடு எவருக்கு, கட்டணம் என்ன என்பதைக் கந்தோரில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். வாசலில் அப்படி ஒன்றும் காணவில்லை என்றாலும் குழம்ப வேண்டாம், "தகவல் அலுவலர்" என்று பதவியின் பெயரைப் போட்டே எழுதலாம். ஆர்.டி.ஐ. 01 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில்தான் எழுத வேண்டும் என்றில்லை. வெறும் கடதாசியில் எழுதினாலும் ஏற்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர்தான் அதை எழுத்தில் எடுத்துக்கொள்ள உதவ வேண்டும். வயது போனவர்கள், எழுத்து வராதவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, அவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் கந்தோருக்கு இலகுவான வழியாக இருக்கிறது.

கொடுத்தவுடன் கிடைத்ததற்கான எழுத்துமூலப் பற்றுச்சீட்டை வாங்குங்கள். வாங்காமல் வீட்டுக்கு வரக் கூடாது என்றே சொல்வேன். இனி வருகிற எல்லா நாள்கணக்கும் அந்தத் திகதியில் இருந்துதான் ஓடுகிறது. நேரில் போக முடியாவிட்டால் பதிவுத்தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பத்தின் பிரதி ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும்.

தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுத்து அறிவிக்க வேண்டும். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்தால் ஏறக்குறைய மூன்று கிழமை. தருவதாக முடிவு வந்தால், கட்டணம் கட்டிய நாளில் இருந்து 14 நாளுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். கட்டணம் இல்லையென்றால் முடிவெடுத்த நாளில் இருந்து 14 நாள். நிறையப் பக்கங்கள், வேறிடத்தில் இருந்து எடுக்க வேண்டும் போன்ற காரணம் இருந்தால், அதைச் சொல்லி மேலும் 21 நாள் வரை எடுக்கலாம். ஒருவரின் உயிரோடு அல்லது தனிப்பட்ட சுதந்திரத்தோடு தொடர்புடைய விடயம் என்றால் 48 மணித்தியாலம்தான். பிள்ளையைக் கைது செய்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்கும் தாய்க்கு இந்த 48 மணித்தியாலம் பெரிய விடயம்.

கட்டணத்தைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு 2017இல் வெளியிட்ட விதிகளின்படி முதல் நான்கு பக்கங்களுக்குக் காசு இல்லை, மின்னஞ்சலில் வாங்கினாலும் இல்லை.

மொழி விடயத்தில் யாழ்ப்பாணத்தார் விட்டுக்கொடுக்கக் கூடாது. கொழும்பில் இருக்கும் திணைக்களம் ஒன்றுக்கு எழுதினால் சில வேளைகளில் சிங்களத்தில் பதில் வரும். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். நாட்டின் எந்தப் பகுதியில் இருக்கும் அரச அலுவலரிடமிருந்தும் தமிழில் பதில் பெறவும் நமக்கு அங்கே உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்திலேயே "தமிழில் தரவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மறுக்க முடியுமா என்றால், சில விடயங்களில் முடியும். பிறருடைய தனிப்பட்ட விபரம், மருத்துவப் பதிவு, பரீட்சையின் இரகசியம், வர்த்தக இரகசியம், அமைச்சரவை இன்னும் முடிவெடுக்காத விடயம், தேசிய பாதுகாப்பு ஆகியவை தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கின்றன. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான தெரிவை எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிக் கிடைத்தது என்று அவருடைய படிவத்தைக் கேட்டால் தனிப்பட்ட விபரம் என்று மறுப்பார்கள். உங்கள் வீட்டைப் பற்றி எழுதிய படிவத்தையும், உங்களுக்கு இட்ட மதிப்பெண்ணையும், எந்தக் குறிகாட்டியில் நீங்கள் விழுந்தீர்கள் என்பதையும் கேளுங்கள். அது உங்களுடையது, அதற்கு அந்தக் காரணம் செல்லாது. தவிர, ஓர் அரச அலுவலர் எடுத்த முடிவு உங்களை எந்த வகையில் பாதித்தாலும், நீங்கள் கேட்டதும் அவர் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. "ஏன்" என்று கேட்பதற்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான்.

வலிகாமம் வடக்கில் படையினரிடம் காணி இழந்தவர்களுக்குத் தேசிய பாதுகாப்பு என்ற பதில் வரக்கூடும். அந்தச் சொல்லை எழுதிவிட்டால் போதும் என்று சட்டம் விடவில்லை. வெளியிட்டால் பாதுகாப்புக்குக் கேடு வரும் என்பதை மேன்முறையீட்டில் மறுப்பவர்தான் காட்ட வேண்டும். பொதுநலன் அந்தக் கேட்டை விடப் பெரிதென்றால் கொடுத்தே ஆக வேண்டும். கோப்பில் ஒரு பகுதிதான் கொடுக்க முடியாதது என்றால் அதை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும். ஆகவே காணிக்காரர் தன் காணி எந்த அறிவித்தலின் கீழ், எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது, அந்த அறிவித்தலின் பிரதி எங்கே என்று கேட்பது முற்றிலும் சரியான கேள்வி.

மறுப்பு வந்தாலும், நாள் கடந்தும் பதில் வராவிட்டாலும், அரைகுறையாகவோ பொய்யாகவோ தந்தாலும், கூடுதல் காசு கேட்டாலும் அடுத்த படி ஒன்றுதான். அதே நிறுவனத்தில் இருக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. பெரும்பாலும் அவர் நிறுவனத்தின் மேலதிகாரியாக இருப்பார். மூன்று கிழமைக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். பாராளுமன்ற உறுப்பினர்களில் யார் யார் சொத்து விபரம் கொடுத்தார்கள் என்று ஓர் ஊடகவியலாளர் கேட்டபோது பாராளுமன்றச் செயலகம் மறுத்தது. ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது, 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஐந்து வருடம் இழுத்த விடயம், ஆனால் பாராளுமன்றமே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பொதுவாக இந்தப் படிகளில் ஏறாமல் நம் ஆட்கள் நின்றுவிடுவதற்குக் காரணம் பயம். ஜீ.எஸ். (கிராம அலுவலர்) கோபிப்பார், அடுத்த முறை வீட்டுத்திட்டத்துக்குக் கடிதம் தர மாட்டார் என்ற பயம். ஊர் சின்னது, அந்தப் பயத்தை வெறும் பேச்சால் போக்க முடியாது. ஆனால் சட்டம் இதற்கும் வழி விட்டிருக்கிறது. அமைப்பொன்றில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் இலங்கைப் பிரஜைகள் என்றால், அந்த அமைப்பே விண்ணப்பிக்கலாம். பதிவு செய்யாத அமைப்பானாலும் சரி. சனசமூக நிலையம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், பழைய மாணவர் சங்கம் எல்லாம் இதில் அடங்கும். (வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் உறவினர் இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டிருந்தால் அவரால் தனியே கேட்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் கேட்கலாம்.)

கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, சங்க முத்திரையுடன் அனுப்புங்கள். பற்றுச்சீட்டின் திகதியைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதி வையுங்கள், செயலாளர் மாறினாலும் நாள்கணக்கு தவறாது. பதில் வந்ததும் ஒரு பிரதியை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள்.